பிள்ளைகளுக்கு எந்த நாய்?

என்னோடு பணிபுரிந்த இளம் நண்பர் ஒருவர் தம் இரு பிள்ளைகளுக்காக நாய் வாங்க விரும்பினார். பிள்ளைகள் கேட்டது நீலக்கண் ஹஸ்கி. அவர் விரும்பியது அல்சேஷன். வீடோ வெள்ளவத்தையில் 3ஆம் மாடி.

அழகைவிட, அந்த இனம் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்றேன். ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுத்தது; அதன் அடர்மயிர் கொழும்பு வெயிலுக்கு உரியதன்று. அல்சேஷன் ஜேர்மனியில் ஆட்டுமந்தை காத்தது. வேலையின்றி அடைபட்டால் அமைதி இழக்கும். நியூபவுண்ட்லாந்து மீனவரோடு பழகிய நாய்களின் வழிவந்த லப்ரடோர் பொதுவாகச் சாந்தமானது. ஆயினும் 30 கிலோவுக்கு மேலும் வளரக்கூடும், தினமும் ஓடவேண்டும். நம் ஊர்நாய்க்கோ இந்த வெயில் புதிதன்று.

எந்த இனமாயினும் சிறுபிள்ளையை அதனுடன் தனியே விடலாகாது. அது உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடவிடக்கூடாது. கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நாய் 10, 12 ஆண்டுகள் வாழும். 8 வயதுப் பிள்ளை அதற்குள் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். முதுமையடைந்த நாயைப் பராமரிக்கப்போவது பெற்றோரே. அவர்களுக்கு மனமில்லையேல், அது தெருவில்தான் நிற்கும்.