கூலியில்லா வேலைக்கு என் மகள் ஏன் போகிறாள்?



பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மூத்த மகள், சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு மருத்துவ மென்பொருள் குழுமத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். கத்தாரில் பணிபுரியும் அவளுடைய வாப்பா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு தருவார்கள்?" என்பது. ஒன்றும் தரமாட்டார்கள் என்று அறிந்ததும் இரண்டாம் கேள்வி என்னை நோக்கி வந்தது: "அப்படியானால் யாருடைய லாபத்துக்காக இவள் இரவில் கண்விழிக்கிறாள்?"

இதே கேள்வியை எங்கள் உறவினர் பலரும் கேட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இத்தகைய குழுமங்களில் சேர விரும்பும் வேறு குடும்பங்களிலும் இது எழக்கூடும் என்பதால், நான் கண்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒரு தனியார் மருத்துவமனையில், எம்.ஆர்.டி. என்று நாங்கள் அழைக்கும் பதிவேட்டறையில் 22 ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான். அந்த அனுபவம் இந்த விஷயத்தில் எதிர்பாராத விதத்தில் பயன்பட்டது.

அவள் சேர்ந்திருப்பது ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கும் குழுமம். நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகளைக் கணினியில் பேணுவதற்கான மென்பொருள் அது. அதன் தொடக்கம் கென்யாவின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள எல்டோரெட் நகரில். அவ்வட்டாரத்தில் மோசோரியோட் என்னும் கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் 2001 ஆம் ஆண்டிலேயே ஓர் எளிய கணினிப் பதிவேடு இருந்தது. எச்.ஐ.வி. சிகிச்சை விரிவடைந்து நோயாளிகள் பெருகியபோது அத்தகைய சிறிய ஏற்பாடு போதாது என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் பர்க் மாம்லின், பால் பயான்டிக் ஆகியோர் 2004 இல் புதிய அமைப்பொன்றைத் திட்டமிட்டனர். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்னும் தொண்டு நிறுவனமும் அவர்களுடன் இணைந்தது. 2006 இல் எல்டோரெட்டிலும், அதே ஆண்டில் ருவாண்டாவிலும் அது நடைமுறைக்கு வந்தது.

எச்.ஐ.வி. மருந்து வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியது. இம்மாதம் வரவேண்டிய நோயாளி வரவில்லை என்பதைக் காகிதக் கோப்பு தானாக எழுந்து வந்து சொல்வதில்லை. அடுக்கில் உறங்கும் கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு, இந்தத் தேவையை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு வருகிறேன். இம்மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எந்த மருத்துவமனையும் உரிமக் கட்டணமின்றி அதை எடுத்துப் பயன்படுத்தலாம். தன் தேவைக்கேற்ப மாற்றலாம். நம் நாட்டில் சத்தீஸ்கர் மாநிலத்தின் கனியாரி கிராமத்தில், ஏழை எளியோருக்கும் பழங்குடியினருக்கும் சிகிச்சையளிக்கும் ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் மருத்துவமனைக்காக பாம்னி என்னும் மென்பொருளை தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் உருவாக்கினார்கள். அது இந்த ஓப்பன் எம்.ஆர்.எஸ். மீது கட்டப்பட்டதுதான். இன்று பாம்னியும் வேறு பல நாடுகளுக்குச் சென்றுவிட்டது. எனினும் என் கணவரின் கேள்வியில் பாதி நியாயம் உண்டு என்பேன். இம்மென்பொருளை நிறுவித் தந்து அதற்குக் கட்டணம் பெறும் நிறுவனங்களும் இருக்கின்றன. தன்னார்வலரின் உழைப்பு அவர்களுக்கும் பயன்படுகிறது. அது ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு. அதைத் தெரிந்துகொண்டு சேர்வதில் எனக்கு மறுப்பில்லை. தெரியாமல் சேர்வதைத்தான் விரும்பமாட்டேன். சேர்வதற்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

இத்தகைய குழுமங்களுக்குப் புதியவர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்துசேரும் பருவம் ஒன்றுண்டு. கூகுள் நிறுவனம் 2005 முதல் சம்மர் ஆஃப் கோட் என்னும் திட்டத்தை நடத்தி வருகிறது. தெரிவு செய்யப்படும் இளைஞர்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் சில மாதங்கள் திறந்த மூலப் பணி செய்வார்கள்; அதற்கு உதவித்தொகை உண்டு. ஓப்பன் எம்.ஆர்.எஸ். 2007 முதல் இதில் பங்கேற்று வருகிறது. முன்பு மாணவர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த திட்டம், 2022 முதல் 18 வயது நிறைந்த பிற தொடக்கநிலையினருக்கும் திறந்துவிடப்பட்டது. இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் இத்திட்டத்தில் உலக அளவில் முன்னணியில் நின்றவர்கள். இலங்கை வாசகர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

விண்ணப்பக் காலத்தையொட்டி ஏராளமான பிள்ளைகள் வருகிறார்கள். "நான் புதியவன், எனக்கு ஒரு வேலை கொடுங்கள்" என்று எழுதுகிறார்கள். புதியவர்களுக்கென்றே குறியிட்டு வைத்திருக்கும் சிறு பணிகளில் ஒன்றைத் தம் பெயரில் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு தேர்வு வரும், அல்லது ஆர்வம் வற்றும், ஆளைக் காணோம். அப்பணி அவர் பெயரிலேயே கிடக்கும், வேறொருவரும் தொடமாட்டார். தெரிவாகாதவர்களுள் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்கம் சொன்ன மூத்தவரோ, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஓய்வு நேரத்தை ஒதுக்கியவர். என் மகளும் இந்தக் கூட்டத்தோடுதான் போய்ச் சேர்ந்தாள் என்பதை மறைக்க விரும்பவில்லை. உதவித்தொகை அவள் கண்முன் இருந்தது. இதில் தவறொன்றும் இல்லை. இந்த ஆண்டு அவள் தெரிவாகவில்லை.

அக்குழுமத்தில் நிரலாளர்களுக்குப் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் படி வரை உண்டு. முதல் நிலைக்கு இட்டிருக்கும் பெயர் டெவ் நல். யூனிக்ஸ் கணினிகளில் எதைப் போட்டாலும் காணாமல் மறைந்துபோகும் இடத்துக்குரிய பெயர் அது. புதியவர்களை வரவேற்க இப்படியொரு வேடிக்கையா என்று முதலில் நினைத்தேன். வந்தவர்கள் மறையும் வேகத்தைக் கண்டபிறகு, பொருத்தமான பெயர்தான் என்று தோன்றியது.

முதல் 9 நாட்கள் அவள் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. மென்பொருளைத் தன் மடிக்கணினியில் இயக்கவைப்பதே பெரும்பாடாயிருந்தது. ஜாவாவின் பதிப்பு பொருந்தவில்லை. தரவிறக்கம் பாதியில் நின்றது. பிறகு ஒரு சிறு பணி கிடைத்தது. படிவத்தில் பிறந்த தேதியைத் தவறாக இட்டால் தோன்றும் எச்சரிக்கை வாசகத்தைத் திருத்தும் வேலை. "இதற்கா உம்மா 9 நாள்?" என்று சலித்துக்கொண்டாள்.

அந்தச் சிறு திருத்தமும் மூன்று முறை திரும்பி வந்தது. திருத்தம் பார்த்தவர் உகாண்டாவின் கம்பாலாவைச் சேர்ந்தவர். ஒருமுறை சோதனை நிரல் சேர்க்கச் சொன்னார். ஒருமுறை வாசகத்தை மொழிபெயர்ப்புக் கோப்புக்கு மாற்றச் சொன்னார். மூன்றாம் முறை இடைவெளிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார். மகள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தாள். அப்போதுதான் அந்த மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று என்னிடம் காட்டச் சொன்னேன். கற்பனை நோயாளிகளை நிரப்பிவைத்த மாதிரிப் பிரதி ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு அதுவே போதும்.

அதில் நான் கண்டவை என்னைப் பெரிதும் கவர்ந்தன. நோயாளியைப் பற்றிய ஒரு குறிப்பைப் பணியாளர் நீக்கினால் அது அழிக்கப்படுவதில்லை. செல்லாதது என்று குறியிடப்படுகிறது. யார், எப்போது, என்ன காரணத்துக்காக அப்படிச் செய்தார் என்பதும் கூடவே நிற்கும். நாங்கள் கேஸ் ஷீட்டில் பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோடிட்டு, அடியிலுள்ள எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் இடுவோம். வெள்ளை மை பூசினால் தலைமை செவிலியர் எங்களை நிற்க வைத்துக் கேட்பார். அதே ஒழுக்கம் கணினிக்குள்ளும் இருந்தது.

இன்னொன்று அடையாள எண். எங்கள் அறையில் 8 என்ற எண்ணும் ஆங்கில பி எழுத்தும், 5 என்ற எண்ணும் எஸ் எழுத்தும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தோன்றி எத்தனை கோப்புகள் இடம் மாறியிருக்கின்றன! இம்மென்பொருள் வழமையாக உருவாக்கும் அடையாளக் குறியீட்டில் பி, ஐ, ஓ, கியூ, எஸ், இசட் ஆகிய ஆறு எழுத்துகளும் இடம்பெறுவதில்லை. இறுதியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து வேறு. முன்னுள்ளவற்றைக் கணக்கிட்டுப் பெறப்படுவது அது. நடுவில் ஒன்றைப் பிழையாகத் தட்டினால் கணினி ஏற்க மறுக்கும். இதை வடிவமைத்தவர்கள் பதிவேட்டறையின் வாசலில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

"மூன்று முறை திருப்பியனுப்பியவர் உன்னைச் சோதிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தேதியைத் தட்டப்போகும் செவிலியை நினைத்துத் திருப்பியிருக்கிறார். பிறர் உடல்நலக் குறிப்பு அமானிதம் அல்லவா?" என்று மகளிடம் சொன்னேன். அவள் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் மூன்றாம் திருத்தத்தை அன்றிரவே அனுப்பினாள்.

பழக்கவழக்கத்திலும் அவள் புதிதாகக் கற்க வேண்டியவை இருந்தன. நம் பிள்ளைகள் "மரியாதைக்குரிய ஐயா" என்று தொடங்காமல் கடிதம் எழுதி அறியாதவர்கள். அங்கே வயதில் மூத்த மருத்துவரையும் முதற்பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். அவள் "சார்" என்று எழுதிய ஒருவர் பெண்மணி என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மூத்தவர்களுக்குத் தனியாக எழுதி நேரத்தைக் கெடுக்காமல், எல்லோரும் காணும்படி பொதுவில் கேட்பதே அவ்விடத்து மரியாதை. நம் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு இது ஆறுதலான ஏற்பாடும்கூட. வாராந்திர உரையாடல்கள் அங்கே காலை நேரம் என்றால் நமக்கு இரவாகிவிடும். நோன்புக் காலத்தில் தராவீஹ் முடிந்துவந்து கேட்க இயலாதபோது, பதிவு செய்து வைத்திருந்ததைச் சஹருக்குப் பின் கேட்டுக்கொண்டாள்.

மாதிரிப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் என் கண்ணை உறுத்தியது பெயர்ப் பகுதி. முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்டது. கடவுச்சீட்டு எடுத்த அனைவருக்கும் தெரிந்த தொல்லைதானே இது! நம்மவருக்குக் குடும்பப்பெயர் ஏது? பதிவேட்டறையில் இதன் விளைவு தொல்லை என்பதோடு நின்றுவிடாது. நான் பணிபுரிந்த இடத்தில் ஒரே வாரத்தில் ஆயிஷா பீவி என்ற பெயரில் இருவர் அனுமதிக்கப்பட்டார்கள். வேறுபடுத்தியவை முதலெழுத்துகள் மட்டுமே. புதிதாக வந்த கணினிப் படிவத்தில் முதலெழுத்துக்கு இடமில்லாததால் தட்டச்சாளர் அதை விட்டுவிட்டார். பென்சிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு ஒருவருடையது. அது மற்றவருடைய கோப்பில் ஏறிவிட்டது. ஊசி போடும் முன் செவிலி வாய்மொழியாகக் கேட்டதால்தான் உண்மை தெரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

இதைக் குழுமத்தில் எழுதலாம் என்று மகளிடம் கூறினேன். நோயாளிகளின் பெயரோ ஊரோ வரக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் எழுதினாள். நான்கு நாட்களில் மறுமொழி வந்தது. பெயர்ப் படிவத்தை அந்தந்த நாட்டு வழக்கத்துக்கேற்ப மாற்றியமைக்க ஏற்கெனவே வழி இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் பதியலாம். தாயின் பெயர் போன்ற கூடுதல் விவரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே புதிய நிரல் எதுவும் தேவையில்லை. குடும்பப்பெயர் இல்லாத சமூகங்களில் எப்படி அமைப்பது என்ற விளக்கம்தான் தேவை. அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மகளுக்கு ஏமாற்றம். நிரல் எழுதினால் வேலைக்கான விண்ணப்பத்தில் காட்டலாம்; விளக்கக் குறிப்பை யார் மதிப்பார் என்றாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. வேலை தருவோர் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் ஜாவா அறிந்தவர்கள் அக்குழுமத்தில் ஏராளம். இரண்டு ஆயிஷா பீவிகள் ஒரே வார்டில் படுத்திருப்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் சகோதரிகள், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூடத்தார் ஆகியோருக்கு நிரல் தெரியாமலிருக்கலாம். இத்தகைய குழுமங்களுக்கு வந்துசேராமல் இருப்பது அவர்கள் அறிந்தவையே. இதை அவளுடைய வாப்பாவிடமும் சொன்னேன். "சரி, படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்" என்றார். அந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெரிது.

இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த விளக்கத்துக்கான வழக்கங்களைத் தொகுத்து வருகிறோம். தந்தை பெயரின் முதலெழுத்து. சில கடற்கரை ஊர்களில் அதற்கும் முன்னால் வரும் வீட்டுப்பெயரின் எழுத்து. நிக்காஹ்வுக்குப் பின் சில பெண்களுக்கு மாறும் முதலெழுத்து, அதனால் ஒரே பெண்ணுக்கு உருவாகும் இரண்டு கோப்புகள். பீவி, பேகம் என்பவை குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் அமர்வது. அப்துல் காதர் என்ற ஒற்றைப் பெயரை இரண்டாக வெட்டி அப்துல் என்று மட்டும் அழைப்பது. முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுத நான் கண்ட 7 விதங்கள். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்பவை சிலருக்குப் பெயரின் பகுதியாகவும் சிலருக்கு இல்லாமலும் இருப்பது. இதுவரை 9 வகைகள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஊரில், குறிப்பாக இலங்கையின் கிழக்குப் பகுதியில், இவற்றுள் அடங்காத வழக்கம் இருந்தால் எழுதுங்கள். வழக்கத்தை மட்டும் எழுதினால் போதும். எவருடைய பெயரும் வேண்டாம். ஷவ்வால் மாத இறுதிக்குள் விளக்கத்தை அனுப்பிவிட எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.