அவ்வருஷமும் மறுவருஷமும்

கடலூர்ப் பக்கத்தில் கத்தரி வைப்பவர்களுக்கு முதல் எதிரி பூச்சி அல்ல, மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பிடித்துக்கொண்டால் கெடிலம் ஆறு ஒரே இரவில் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கொல்லை மண்ணில் மணல் கொஞ்சம் தூக்கல். அதில் யூரியாவைக் கை நிறைய அள்ளித் தூவிய மறுநாள் மழை கொட்டினால், செடிக்குப் போனது கொஞ்சம், கிணற்றுக்குப் போனது மிச்சம்.

காரணம் எளிது. மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அதை மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டைப் பிடிக்காது. தண்ணீர் எங்கே இறங்குகிறதோ அதுவும் அங்கே இறங்கிவிடும். நாற்று நட்ட புதிதில் நாலு இலையும் நூல் வேரும் வைத்திருக்கும் செடியால் எவ்வளவுதான் எடுத்துக்கொள்ள முடியும்? அதற்குப் பசி எடுப்பது பூ விடும்போதும் காய் பிடிக்கும்போதும்தான். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று.

இந்தச் சிக்கலுக்குக் கடை கண்ட தீர்வு, மாடித்தோட்டக்காரர்களுக்கென்று பொட்டலத்தில் வரும் உர உருண்டைகள். கடுகைவிடப் பெரிய மணிகள். மேலே பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சு. ஈரம் உள்ளே போய் உரத்தைக் கரைக்க, கரைந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். நடும்போது ஒரு முறை போட்டால் ஆறு மாதம் கவலையில்லை என்று பொட்டலம் சொல்கிறது. ஆனால் கசியும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. இப்படிப்பட்ட உருண்டைகளுக்குப் பொதுவாக 21 டிகிரி செல்சியஸைக் கணக்கில் வைத்துத்தான் காலக்கெடு சொல்கிறார்கள். கடலூரில் மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் அந்தக் குளுமையைப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் காயும் மாடித்தொட்டியில் அந்த ஆறு மாதம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பழைய தொட்டி மண்ணைக் கொட்டிப் புரட்டினால் அந்த மணிகள் அப்படியே கிடக்கும். ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினால் புளிச்சென்று ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். கையில் மிஞ்சுவது வெறும் தோல். உரம் தீர்ந்த பிறகும் உறை மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உரச் சட்டத்தில் இந்தப் பூச்சுகள் மண்ணில் மக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2026ஐக் கெடுவாக வைத்தது இதனால்தான்.

உரம் எவ்வளவு மெதுவாகச் சத்தைக் கொடுக்கும் என்ற கணக்கை நம்மூரில் ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம். எது எப்போது கொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அட்டவணை எந்த மூட்டையிலும் அச்சாகவில்லை. ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். சத்து செறிந்த எருவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்போது மிச்சம் சீக்கிரம் செடிக்கு வருகிறது. சத்து குறைந்து நார் மிகுந்த எருவில் அவை தங்கள் வயிற்றைத்தான் முதலில் பார்த்துக்கொள்ளும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுத்த சம்சாரி, வரப்போகும் வெள்ளாமைக்கு அட்வான்ஸ் கட்டினார் என்றே சொல்லலாம்.

பாலூரில் 1905 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கம். பாலூர் கத்தரி என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கத்தரி ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, எக்டேருக்கு 25 டன் தொழுவுரம். தழைச்சத்து அடியுரமாக 50 கிலோ, நட்ட 30ஆம் நாள் மேலுரமாக இன்னொரு 50 கிலோ. கொல்லைக்குச் சுருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ எரு, அடியுரமாக 11 கிராம் யூரியா. 11 கிராம் என்பது இரண்டு மூன்று தேக்கரண்டி. நாம் போடுவதோ கைப்பிடி! அந்த இரண்டரைக் கிலோ எருவில் 12 கிராமுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. யூரியாவில் கிடைப்பது 5 கிராம். எருவில் இருப்பதுதான் அதிகம். என்ன, அவசரப்படாமல் கொடுக்கும்.

பான்பரி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வேப்பம் புண்ணாக்கு வாங்கும்போது கடைக்காரர், "குழியில போட்டு மண்ணோட கலந்து தண்ணி தெளிச்சு ஒரு பத்து நாள் விடுங்க சார். சூடு அடங்குனதும் நாத்த வைங்க" என்பார். மூன்றாம் நாள் மண்ணைக் கிளறினால் புண்ணாக்குத் துண்டைச் சுற்றி வெள்ளைப் பூசணம் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கும்; அதுதான் சமையல் தொடங்கியதற்கு அடையாளம். கடலைப் புண்ணாக்கில் இதைவிடச் சத்து அதிகம், ஆனால் தெருநாய் வந்து குழியைப் பறித்துவிடும். வேம்பின் கசப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை அது மட்டுப்படுத்துகிறது. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று கலந்து ஓர் இரவு வைத்து நெல்லுக்குப் போடும் பழக்கம் வந்தது அதனால்தான். 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமானதற்குப் பின்னாலும் இந்தக் கசப்பு இருக்கிறது. மானிய யூரியா வேறு தொழில்களுக்குத் திருப்பப்படுவதைத் தடுப்பது இன்னொரு நோக்கம்.

குழியில் வைப்பதில் இன்னொரு லாபம், உரம் செடிக்கு மட்டும் போகும். பரவலாகத் தூவினால் கோரைதான் முதலில் கொழுக்கும். உழவாரம் ஏந்திய அப்பர் கரையேறிய ஊர்தான் எங்களுடையது. ஆனால் கோரை செதுக்க உழவாரம் நாமேதான் பிடிக்க வேண்டும்.

பூச்சு உருண்டை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பார்க்கப் பெங்களூருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்களின் தொட்டிச் செடிக்கு அது நல்ல உபகாரம். தினமும் கொல்லைக்குப் போகிறவர்களுக்கு எருவும் புண்ணாக்கும் போதும். இலை வெளிறினால் தேக்கரண்டி அளவில் மேலுரம். எதுவானாலும் அடைமழை மாதத்தில் உரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தை பிறந்து மண் கொஞ்சம் காயட்டும். எத்தனை மெதுவான உரமும் அந்த மழைக்கு முழுதாக ஈடுகொடுக்காது.