நொட்டாங்கை மட்டை

ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி யாராவது எனக்குப் பரீட்சை வைத்தால் இன்றைக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க்குக்குக் குறையாமல் வாங்கிவிடுவேன். மைதானம் 100 கெஜ நீளம், 60 கெஜ அகலம். கோல் கம்பங்களுக்கு நடுவே 12 அடி. உயரம் 7 அடி. பந்து ஐந்தரை அவுன்ஸுக்குக் குறையக்கூடாது. ஐந்தே முக்கால் அவுன்ஸுக்கு மிஞ்சக்கூடாது. கோலுக்கு முன்னால் 16 கெஜத்தில் ஒரு வளைகோடு உண்டு. அதற்கு வெளியிலிருந்து அடித்த பந்து யார் மட்டையிலும் படாமல் நேராக உள்ளே போனாலும் கோல் என்று கணக்கில் சேராது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்லிவிடுவேன். பந்தை அடித்துக் காட்டு என்றால்தான் சங்கடம்.

இந்த லட்சணத்தில் போன வருஷம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில், அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கென்று நடக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே உள்ள ஆசிரியை எழுதியிருந்தார். பிள்ளைகளுக்குத் தரை ஹாக்கியில் ஒரு சோதனை வைக்கிறார்களாம். விதிகளைக் கேட்பது பாதி, ஆடவைத்துப் பார்ப்பது பாதி. 'மார்க்குப் போட யாருக்கும் மாமன் மச்சானாக இல்லாத ஒருவர் தேவை. உங்கள் கதை ஒன்றில் ஹாக்கி வருவதால் உங்களுக்கு எழுதுகிறேன்' என்றிருந்தது.

கதையில் ஹாக்கி வந்தது வாஸ்தவம். ஆனால் வரவேண்டிய விஷயம் அந்தக் கதையில் வரவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பதாவது படித்தது 1990களின் நடுவில். எங்கள் டிரில் மாஸ்டர் கோவில்பட்டிக்காரர். கோவில்பட்டிக்காரர் என்றால் போதும், ஹாக்கிப் பைத்தியம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மற்ற ஊர்களில் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் அந்த ஊர்ப் பையன்கள் ஹாக்கி ஆடுவார்கள். லட்சுமி அம்மாள் பெயரில் அங்கே நடக்கும் பந்தயத்துக்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் அணிகள் வருவதுண்டு. 2022இல் ஆசியக் கோப்பைக்காக ஜகார்த்தாவுக்குப் போன இந்திய அணியில் அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். எங்கள் மாஸ்டர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணிக்குத் தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைவராக இருந்ததைச் சொல்லிச் சொல்லியே மனிதர் காலத்தை ஓட்டிவிட்டார்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கரிசல் மண்ணில் ஹாக்கி ஆடுவது என்பது எருமையின் முதுகில் கோலம் போடுகிற மாதிரி. மழை பெய்தால் மண் காலோடு வந்துவிடும். வெயில் காய்ந்தால் பிளந்துகொள்ளும். பங்குனி, சித்திரையில் ஒரு வெடிப்புக்குள் பந்து விழுந்தால் மட்டையின் கைப்பிடியை விட்டுத் துழாவவேண்டும். மாஸ்டர் யார் யாரையோ பிடித்து, பத்து டிராக்டர் செம்மண் சரளை கொண்டுவந்து கொட்டி, பையன்களை விட்டு மிதிக்கவைத்து, ஒரு மாதிரித் தரை உண்டாக்கினார். பிறகும் பந்து நேராகப் போகாது. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் விரித்தார்கள், அதில்தான் நம் ஆட்டம் படுத்தது என்று அவர் வருத்தப்படும்போது, எங்களுக்கு அந்தப் புல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. எங்களுக்குத் தெரிந்த பச்சை சீமைக்கருவேலம் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவை ஒன்பது மட்டைகள். மிச்சப் பேர் ஆளுக்கொரு வளைந்த கொம்பை வெட்டிக்கொண்டு வருவோம். திருச்சுழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பையன் ஒருவன். அவன் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண்ணால் மெழுகி, உள்ளே தீயைப் புகையவிட்டுக் கரியாக்குவதுதான் அந்தப் பக்கத்தில் மழையில்லாத வருஷங்களுக்குப் பிழைப்பு. வகுப்பில் அவனை 'மூட்டம்' என்றே கூப்பிடுவோம். விறகுக் குவியலிலிருந்து அவன் பொறுக்கிக்கொண்டு வந்த கொம்பு, தச்சன் இழைத்த மாதிரி வளைந்திருந்தது. உள்ளங்கை படும் இடமெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் பந்தை ஓட்டிப் போவதைப் பார்த்தால், பந்தும் அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றும்.

ஆனால் அவன் நொட்டாங்கைக்காரன். கொம்பின் வளைவும் மறுபக்கம் திரும்பியிருந்தது.

அந்த வருஷம் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தோடு சிநேக ஆட்டம் ஏற்பாடாகியது. வேனில் பன்னிரண்டு பையன்களுக்குத்தான் இடம். மாஸ்டர் நியாயஸ்தர். சிபாரிசுக்கு இடம் வைக்கக்கூடாது என்று ஒரு பரீட்சை வைத்தார். விதிகளைப் பற்றிக் கரும்பலகையில் இருபத்தைந்து கேள்விகள். அதற்கு 50 மார்க்கு. மைதானத்தில் செங்கற்களை வரிசையாக நட்டு அவற்றுக்கு நடுவே பந்தை வளைத்து ஓட்டவேண்டும், உருண்டு வரும் பந்தை நிறுத்தவேண்டும், இரண்டு கல்லுக்கு நடுவே தள்ளவேண்டும், அதற்கு 50.

அவரிடம் இருந்த விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. வகுப்புக்காக அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே எனக்கு விதிகள் தலைகீழ்ப் பாடம். ஆஃப்சைடு விதி அப்போது உண்டு. 1998இல் அதை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் படம் போட்டு விளக்கம் எழுதியவன் நான் ஒருவன்தான். எனக்கு 50க்கு 50. மூட்டத்துக்கு 14.

மைதானத்தில் மார்க்கு நோட்டும் என் கையில்தான் இருந்தது. எனக்கு எழுத்து அழகு. என் முறை வந்தபோது நான் செங்கற்களை உதைத்துத் தள்ளியதைப் பற்றி விஸ்தாரமாக எழுத விருப்பமில்லை. மாஸ்டர் தாட்சண்யப்பட்டு 12 போட்டார். கூட்டினால் 62.

மூட்டம் வந்தான். தன் கொம்போடு வந்தான். ஒரு செங்கல்லும் அசையவில்லை. திரும்பி வந்தான், அப்போதும் அசையவில்லை. மாஸ்டர் வாயிலிருந்த விசில் எடுக்கப்படாமல் அப்படியே நின்றது. "டேய், இன்னொரு தடவை போடா" என்றார். மார்க்குக்காக இல்லை, பார்க்கிற ஆசையில் சொன்னார். மறுபடியும் போனான். 50க்கு 49 என்றாலும் 50 என்றாலும் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். 14உம் 49உம் 63. இந்தக் கணக்கை நான் நோட்டின் ஓரத்தில் அவசரமாகப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"சார், அந்த மட்டை செல்லாது சார்" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"மட்டைக்கு இடது பக்கம்தான் தட்டை இருக்கணும். தட்டைப் பக்கத்தாலேதான் ஆடணும். நொட்டாங்கை மட்டைக்கு அனுமதி கிடையாது. புத்தகத்திலே இருக்கு சார்."

நான் சொன்னது பொய்யில்லை. ஹாக்கியில் இன்றைக்கும் இடக்கைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது. இரண்டு விதமாக வீசுகிறவர்கள் எதிரெதிரே வந்தால் ஆபத்து என்று காரணம் சொல்லுவார்கள். மாஸ்டருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் பேசாமல் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் வகுப்புப் பூராவும் கேட்கும்படி ஒருவன் விதியைச் சொன்ன பிறகு நியாயஸ்தரால் என்ன செய்யமுடியும்? "சரிதான்" என்றார். பள்ளிக்கூடத்து மட்டை ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, கையை மாற்றிப் பிடித்து, மறுபடி மாற்றி, பந்தைத் தொட்டான். முதல் செங்கல் விழுந்தது. கடைசியில் நோட்டில் என் அழகான எழுத்தில் 17 என்று எழுதினேன்.

பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் போன வேனில் நான் இருந்தேன். ஆட்டம் முடியும் வரை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் ஏழு கோலில் தோற்றோம். வருகிற வழியில் எல்லோருக்கும் மாஸ்டர் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்தார். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை வேலை மும்முரமாகவும் இருக்கலாம்.

மூட்டம் பத்தாவதோடு நின்றுவிட்டான். அதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொண்டால் அது என் பெருமைக்குச் சொல்லுவதாகும். மழை காரணம், இல்லாத மழை. எங்கள் வகுப்பில் அந்த வருஷம் எட்டுப் பேர் நின்றார்கள்.

பிறகு நெடுநாள் கழித்து, ஹாக்கி ஆடித் தேர்ந்த ஒருவரோடு ரயிலில் போகும்போது ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். மட்டையின் தலைப்பைப் பிடித்திருப்பது இடது கை. பந்தை இப்படியும் அப்படியும் வளைத்து ஓட்டும்போது மட்டையைத் திருப்புவதும் அந்தக் கைதான். வலது கை கீழே குழாய் மாதிரித் தளர்ந்து இருந்து கொடுத்தால் போதும். உலகமெல்லாம் வியந்து பார்த்த நம்மவர்களின் ஆட்டத்துக்கு அடிப்படை இந்த மணிக்கட்டுத் திருப்பல்தான். "இடக்கைக்காரனுக்குப் பத்து நாள் பழக்கிவிட்டால் போதும் சார், மற்றவனுக்கு இல்லாத பலம் அவனுக்கு உண்டு" என்றார் அவர். மணியாச்சி ஜங்ஷன் வரும் வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் தமிழில் எழுதிய விதிப் புத்தகத்தில் இது ஒரு வரியும் இல்லை. இது விதியல்லவே.

இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். சிமெண்டுத் தரை போட்ட கூடம். பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை என்னிடம் ஒரு கம்பைக் கொடுத்தார். வளைவு இல்லை, தட்டை இல்லை. நுனியை உருட்டி மழுக்கிய வெறும் கம்பு. பந்தும் கிடையாது, நடுவில் ஓட்டையுள்ள வட்டு. கம்பின் நுனியை ஓட்டைக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டு போகவேண்டியது. கம்பளத்தில் செய்வார்களாம், இங்கே நெசவு வீடுகளில் வாங்கிய கழிவுத் துணியைத் திணித்துத் தைத்திருந்தார்கள்.

தரை ஹாக்கிக்கு விதிகளை வகுத்தவர் சாம் ஜாக்ஸ் என்கிற கனடாக்காரர், வருஷம் 1936. நம்மவர்கள் பெர்லினில் தங்கம் வாங்கினார்களே, அதே வருஷம். பனிக்காலத்தில் வெளியே போகமுடியாத பிள்ளைகளுக்காக உண்டான ஆட்டம். 1968இல் சிகாகோவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஆரம்பித்தபோது ஒரு கனடா அணி அங்கே இதை ஆடியது. பிற்பாடு ஓட்டை வட்டும் வெறும் கம்பும் அந்த இயக்கத்தின் அடையாளம் மாதிரி ஆகிவிட்டன. பக்கத்துக்கு ஆறு பேர். ஒன்பது ஒன்பது நிமிஷமாக மூன்று பகுதி. அணியில் சேர்ந்து ஆடமுடியாத பிள்ளைகளுக்குத் தனித்தனியாகத் திறமைச் சோதனையும் உண்டு. இப்போது அந்த உலகக் கூட்டத்தில் பிளோர்பால் என்ற ஆட்டம் இதன் இடத்துக்கு வந்துவிட்டது. 2025இல் துரின் நகரத்தில் ஆடியது அதைத்தான். "அந்த மட்டை வாங்க நமக்குப் பணம் ஏது சார்? கம்பு என்றால் நாமே செய்துகொள்ளலாம்" என்றார் ஆசிரியை.

விதிப் பரீட்சை வாய்மொழியில் நடந்தது. பதினாலு வயசிருக்கும், ஒரு பெண். "எதிர்க் கட்சிக்காரங்களைக் கம்பாலே அடிக்கலாமா?" என்று ஆசிரியை கேட்டார். அது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அடிச்சா வலிக்கும்" என்றது. 'கூடாது' என்பதுதான் தாளில் இருந்த விடை. ஆசிரியை என்னைப் பார்த்தார். முழு மார்க்குப் போட்டேன். அடுத்த கேள்வி, "வட்டை யார் கையாலே பிடிக்கலாம்?" என்பது. "எங்க அண்ணன்" என்றது. அதற்குப் போட முடியவில்லை. ஆனால் கோலைக் காப்பது அதன் அண்ணன்தான் என்று பிறகு தெரிந்தது; திருத்திப் போட்டேன்.

ஆட எழுந்தபோது அது கம்பை நொட்டாங்கைப் பக்கமாகப் பிடித்தது. என் கண் தானாகக் கம்பின் நுனிக்குப் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. முகம் என்ன காட்டியதோ தெரியாது.

"எப்படிப் பிடித்தாலும் சரிதான் சார். இந்தக் கம்புக்குப் பக்கமே கிடையாது" என்றார் ஆசிரியை.

வட்டு நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல மெல்லப் போயிற்று. ஒரு நாற்காலியில் இடித்தது. அந்தப் பெண் நின்று நாற்காலியைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடி நகர்ந்தது. அது முடிக்கிற வரையில் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை.

திரும்பும்போது மதுரைக்கு நேராகப் போகாமல் திருச்சுழி ரோட்டில் போனேன். ரோட்டோரம் வேலிக்கருவேலக் காட்டுக்குள் இரண்டு மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. கரி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான். தலை நரைத்துவிட்டது. இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தான்.

"அடடே, வாப்பா! பேப்பர்லே படமெல்லாம் போடுறாங்க, ஊர்ப்பக்கம் மட்டும் வரமாட்டேங்கிறே" என்றான். டீ சொன்னான். பிள்ளைகளை விசாரித்தான். கரி விலை இறங்கிவிட்டதைச் சொன்னான். முப்பது வருஷமாக வைத்திருந்ததை நான் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "அந்த மட்டை இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"எந்த மட்டை?"

"ஒன்பதாவதிலே வச்சிருந்தியே. கருவேலங்கொம்பு."

கொஞ்சம் யோசித்தான். "அதுவா? அதை அன்னைக்கே மூட்டத்திலே வச்சுட்டேனே" என்றான். "நல்ல வைரம் பாஞ்ச கட்டை. கரி கணகணன்னு விழுந்துச்சு." பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இவருக்குச் சக்கரை குறைச்சுப் போடுங்க" என்றான்.