இறங்கிய உயரத்தின் கடன்

மலைநாட்டுப் பாதைகள் – 4: பொல்பிட்டிய முதல் நுவரெலியா வரை

கரடுமுரடான பாதைகளுக்கென்று செய்த எண்டியூரோ மோட்டார் சைக்கிளின் பெற்றோல் கணக்கில் இரண்டு அளவுகள் உண்டு. ஒரு லீற்றரில் ஓடும் கிலோமீற்றர் மைலேஜ். டேங்க் நிறைந்ததிலிருந்து வறளும் வரை ஓடும் மொத்தத் தூரம் வண்டியின் எட்டும் தூரம். சமதரையில் மைலேஜை டேங்கின் கொள்ளளவால் பெருக்கினால் எட்டும் தூரம் கிடைத்துவிடும். மலைநாட்டில் அந்தப் பெருக்கல் பொய்த்துப்போகும். அங்கே உயரம் என்ற மூன்றாவது அளவும் கணக்கில் சேர்கிறது. அதைப் புரிந்துகொள்ள நல்ல தொடக்க இடம் பொல்பிட்டிய.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாக மாறும் இடம் இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் உயரத்தில், ஈரமும் வெக்கையும் கலந்த பள்ளத்தாக்கு. 1969 முதல் இயங்கும் பொல்பிட்டிய மின்நிலையம் இங்கேதான் உள்ளது. லக்ஷபான நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீர் ஏறத்தாழ 260 மீற்றர் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கி இங்குள்ள சுழலிகளைச் சுற்றுகிறது. அருகே அவிசாவளையிலிருந்து வரும் ஏ7 வீதி கினிகத்தேனை, வட்டவளை வழியாக அட்டனுக்கு ஏறி, கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா கடந்து நுவரெலியாவை அடைகிறது. அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். பொல்பிட்டியவிலிருந்து அட்டனுக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓட்டத்தில் வண்டி 1,700 மீற்றருக்கு மேல் உயர்கிறது.

டேங்கின் அளவு

எண்டியூரோ வண்டியின் டேங்க் சிறியதாக இருப்பது வேண்டுமென்றே செய்யப்பட்டது. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ எடை. இருபது லீற்றரைச் சுமந்தால் பதினைந்து கிலோ. அதுவும் வண்டியின் மேற்பகுதியில். சேற்றிலும் பாறையிலும் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது அந்த எடை ஓட்டுநரின் கைகளில்தான் இறங்கும். நின்றபடி ஓட்டுவதால் முழங்கால்களுக்கிடையில் டேங்க் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். போட்டிகளில் பெற்றோல் நிரப்பும் இடங்கள் முன்கூட்டியே குறிக்கப்படுகின்றன. ஆகவே கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப் போன்ற போட்டி வண்டிக்குச் சுமார் 9 லீற்றர் போதுமானது.

வீதியிலும் காட்டிலும் ஓடக்கூடிய ட்ரெயில் பைக்குகளிலும் பல இதே வழியில் போகின்றன. ஹொண்டா சிஆர்எஃப் 300எல் 7.8 லீற்றர், கவாசாகி கேஎல்எக்ஸ் 250 7.7 லீற்றர். நெடுந்தூரத்தை மனதில் வைத்துச் செய்தவை வேறு வகை. ஹொண்டா சிஆர்எஃப் 300 ராலி 12.8, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 13, ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 15, சுசுகி ஜெபெல் 250 எக்ஸ்சி 17 லீற்றர் கொள்கின்றன. பாலைவனத்தைக் கடக்கும் டக்கார் போட்டி வண்டிகளில் முன்னும் பின்னுமாகப் பிரித்து வைத்த டேங்குகளில் 33 லீற்றர் வரை ஏற்றுவார்கள்.

250, 300 சிசி ட்ரெயில் பைக் நிதானமாக ஓட்டினால் சமதரையில் லீற்றருக்கு 25 முதல் 30 கிலோமீற்றர் தரும். 7.8 லீற்றர் டேங்குக்கு அது 200 கிலோமீற்றரைச் சுற்றி வரும் எண். வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் முதலாம் கியரிலேயே ஊர்ந்தால் அதே வண்டி லீற்றருக்கு 15 கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், தூரம்தான் கூடாது.

ஏற்றத்தின் விலை

வண்டி 140 கிலோ, ஓட்டுநர் 75, பை 15 என்று மொத்தம் 230 கிலோ வைத்துக்கொண்டால், பொல்பிட்டியவிலிருந்து அட்டன் வரை 1,150 மீற்றர் உயர்த்தத் தேவையான சக்தி ஏறத்தாழ 26 இலட்சம் ஜூல். பொல்பிட்டிய மின்நிலையத்தின் குழாய் வழியே 1,000 லீற்றர் நீர் இறங்கும்போது விடும் சக்தியும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆறு இறங்கும்போது கொடுப்பதை வண்டி ஏறும்போது செலுத்துகிறது.

ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ள சக்தி சுமார் 320 இலட்சம் ஜூல். அதில் பெரும்பகுதி வெப்பமாகச் சைலன்சர் வழியாகவும் எஞ்சினின் உடம்பு வழியாகவும் வெளியேறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்தை எட்டுகிறது என்று கொண்டால், அட்டன் ஏற்றத்துக்கு மட்டும் 0.4 லீற்றர் மேலதிகமாகச் செலவாகும். இதைச் சுருக்கினால் நினைவில் வைக்க எளிய ஒரு வாய்பாடு கிடைக்கிறது: நூறு மீற்றர் உயரத்துக்கு 35 மில்லிலீற்றர். நுவரெலியா வரை போனால் மேலதிகச் செலவு 0.6 லீற்றரைத் தாண்டும். வீதி ஆங்காங்கே இறங்கி மறுபடி ஏறுவதால் உண்மையான செலவு இதற்கும் மேலேதான் இருக்கும்.

சமதரையில் லீற்றருக்கு 28 கிலோமீற்றர் தரும் வண்டிக்கு, நுவரெலியா வரையான 80 கிலோமீற்றருக்குத் தூரத்தின் பங்கு 2.9 லீற்றர், உயரத்தின் பங்கு 0.6. ஆக மொத்தம் மூன்றரை லீற்றர். மைலேஜ் 23க்கு இறங்கிவிடுகிறது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மலை தன் பங்கை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மெலிந்த காற்று

உயரம் இன்னொரு வழியிலும் பெற்றோலைத் தின்கிறது. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. அதே விகிதத்தில் எஞ்சினின் வலுவும் குறையும். பெற்றோலைத் தெளிப்பான் வழியாகச் செலுத்தும் புதிய வண்டிகளில் உணரிகள் காற்றை அளந்து பெற்றோலையும் குறைத்துக்கொள்ளும். கார்பரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு இல்லை. தாழ்நிலத்துக்குச் சரிபார்த்த ஜெட்டுடன் (பெற்றோல் வரும் சிறு துளை) நுவரெலியாவுக்கு வந்தால் கலவையில் பெற்றோல் ஒன்பது சதவீதமளவு கூடிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகை கறுத்திருக்கும். பிளக்கைக் கழற்றினால் அதன் முனையில் விளக்குக் கரிபோல மசி படிந்திருக்கும். மலையிலேயே ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் மாற்றுவது இந்த விரயத்தைத் தடுக்கும். தாழ்நிலத்துக்குத் திரும்பும்போது அதை மறக்காமல் பழைய ஜெட்டுக்கு மாற்றவும் வேண்டும். கலவையில் பெற்றோல் குறைந்த நிலையில் ஓடினால் எஞ்சின் கொதித்துப்போகும்.

இறக்கம் தரும் ஏமாற்று

ஏறியதற்குச் செலுத்தியதை இறங்கும்போது முழுமையாக மீட்க முடியாது. ஆக்சிலேட்டரை விட்டதும் தெளிப்பான் வண்டிகள் பெற்றோலை நிறுத்திவிடும். கார்பரேட்டர் வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டினால் மிச்சம் கூடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது ஆபத்தானது. கினிகத்தேனை வளைவுகளில் எஞ்சினின் பிடிமானம் இல்லாத வண்டியின் முழு எடையும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் வேறொரு கேடும் உண்டு. ஆக்சிலேட்டரை மூடியபடியே கியரில் நீண்ட தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஒயில் போய்ச் சேராது.

இறக்கத்தின் பெரிய தீங்கு பொய்யான நிம்மதிதான். அட்டனிலிருந்து பொல்பிட்டியவுக்கு இறங்கும் வண்டி மிகச் சொற்பமாகவே குடிக்கும். அரை டேங்குடன் புறப்பட்டவர் கீழே வந்து பார்க்கும்போது குறைந்ததே தெரியாது. வந்த செலவையே திரும்பும் செலவாக நினைத்து நாள் முழுதும் ஆற்றோரப் பாதைகளில் சுற்றிவிட்டு மாலையில் ஏறத் தொடங்கினால், பாதி மலையில் வண்டி நிற்கும். இறங்கிய ஒவ்வொரு மீற்றரும் திரும்பக் கட்ட வேண்டிய கடன்.

தோட்டப்பாதை

பெற்றோல் செட்கள் பிரதான வீதியை ஒட்டிய நகரங்களில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களும் ஸ்டோர்களும் (தேயிலைத் தொழிற்சாலைகள்) அவற்றிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. உதவித் தோட்ட அதிகாரியான சின்னத்துரையும் வெளிக்கள உத்தியோகத்தரும் மோட்டார் சைக்கிளில் சுற்றும் கல்பரப்பிய பாதைகள் தேயிலைச் சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. கண்ணுக்கு எதிரே தெரியும் டிவிசனுக்குப் போகப் பல கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கும். இரண்டாம் கியருக்கு மேல் போட இடமில்லை. முள்போல் கட்டைகள் வைத்த டயர் மண்ணைக் கவ்வும் அளவுக்குத் தாரில் வண்டியைப் பின்னிழுக்கும். காற்றுக் குறைந்த டயர், இறுகிய செயின், புழுதியும் ஈரமும் அடைத்த ஏர் ஃபில்டர் ஒவ்வொன்றும் சிறிதளவு பெற்றோலைத் திருடும். ஃபில்டரைக் கழுவி ஒயில் தடவி வைப்பதற்கு அரை மணி நேரம் போதும்; அதைவிட மலிவாக மைலேஜைக் கூட்டும் வேலை வேறு இல்லை.

ரிசர்வ்

பழைய ட்ரெயில் பைக்குகளில் பெற்றோல் மானி கிடையாது; பெற்றோல் டேப் மட்டும் உண்டு. நோர்வூட் பக்கத்துத் தோட்டப்பாதை ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் வண்டி இருமுறை விக்கி நின்றது. டேங்கின் அடியில் மிஞ்சிய பெற்றோலைத் தரும் ரிசர்வுக்கு டேப்பைத் திருப்பினேன், ஓடியது. ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி நின்றது. மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினால் உள்ளே பெற்றோல் தளும்பும் ஓசை நன்றாகவே கேட்டது.

காரணம் டேங்கின் வடிவம். குதிரைச் சேணம்போல அது சட்டத்தின் இருபுறமும் தொங்குகிறது. டேப் பெரும்பாலும் இடப்புறத்தின் பின்கோடியில் இருக்கும். செங்குத்தாக இறங்கும்போது பெற்றோல் முன்னே ஓடிவிடும். வலப்புறத் தொங்கலில் தங்கியது நடுமேட்டைத் தாண்டி வராது. மூடியை இறுக்கி, வண்டியை இடப்பக்கமாகத் தரையோடு ஒட்டச் சாய்த்து, பத்து எண்ணும் வரை பிடித்திருந்து நிமிர்த்தினால் வலப்பக்கப் பெற்றோல் டேப்பின் பக்கம் வந்துவிடும். அன்று என்னை வீதி வரை கொண்டுவந்து சேர்த்தது அந்தப் பெற்றோல்தான்.

நான்கு லீற்றர் வாரம்

இந்தக் கணக்குகள் எல்லோருக்கும் உயிர்க்கணக்கான காலமும் இங்கே வந்துபோனது. எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்ற அறிவிப்பும் வந்தது. அதன்பின் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியது. 2023 செப்டம்பர் வரை வெவ்வேறு அளவுகளில் அது நீடித்தது. நான்கு லீற்றர் என்பது சமதரைக்காரருக்கும் மலைக்காரருக்கும் ஒன்றுதான். மேலே கண்ட ட்ரெயில் பைக்குக்கு அது பொல்பிட்டியவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு வழிப் பயணம். அதே அளவை 100 சிசி வண்டியில் இட்டவர் சமதரையில் 200 கிலோமீற்றர் ஓடினார். உயரத்தையும் பங்கீட்டில் சேர்த்திருந்தால்தான் அது மலைநாட்டு மக்களுக்கு நியாயமாக இருந்திருக்கும்.

அளந்து அறிதல்

கம்பனி சொல்லும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் கிடைத்தது. தன் வண்டியின் மைலேஜை ஓட்டுநர் தானே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே செட்டில், வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, கழுத்து வரை நிரப்புவது முதல் படி. குறித்த பாதையில் ஓடித் திரும்பி அதே இடத்தில் அதே மட்டத்துக்கு நிரப்பினால், ஓடிய தூரத்தை இட்ட லீற்றரால் வகுக்கலாம். இதைச் சமதரைக்கு ஒன்று, வீதி ஏற்றத்துக்கு ஒன்று, தோட்டப்பாதைக்கு ஒன்று என்று மூன்று முறை செய்ய வேண்டும். ஏற்றத்தை அளக்கும்போது மட்டும், நிரப்புவது மேலே உள்ள செட்டில்.

புறப்படும் முன் தூரத்தை அந்தந்தப் பாதையின் எண்ணால் வகுக்க வேண்டும். சமதரை எண்ணையே பயன்படுத்தினால் ஏறப்போகும் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் 35 மில்லிலீற்றர் கூட்ட வேண்டும். திரும்பும் வழியே ஏற்றமானால் அதற்கான பெற்றோலை முதலிலேயே தனியே ஒதுக்கிவிட வேண்டும். ரிசர்வைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வழி தவறும் நாளுக்கும் மண்சரிவு வீதியை மறிக்கும் நாளுக்கும் உரியது. மேலதிகமாகக் கொண்டுபோவதானால் பெற்றோலுக்கென்றே செய்த உலோகப் போத்தல் வேண்டும். தண்ணீர்ப் போத்தல் ஆகாது. பொல்பிட்டியவுக்கு இறங்குபவர் அட்டனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டால், மாலை ஏற்றத்தில் இறங்கிய உயரத்தின் கடனை அடைக்கக் கையில் பெற்றோல் இருக்கும்.