பெகின் மகளிர் விட்டுச்சென்ற வீடுகள்

பெல்ஜியம் நாட்டின் லூவேன் நகருக்கு 2002ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகச் சென்று இறங்கியபோது, எனக்கு முதலில் தேவைப்பட்டது நூலகமும் அன்று, பேராசிரியரும் அன்று. தலை சாய்க்க ஓர் அறை. திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் 1425இல் நிறுவப்பெற்றது அங்குள்ள பல்கலைக்கழகம். நூற்றாண்டுகளாக மாணவர் வந்து தங்கும் ஊராயிற்றே, வாடகைக்கு இடம் கிடைப்பது எளிது என்று எண்ணியிருந்தேன். மாணவர் அறையை அவ்வூரார் 'கொட்' என்கிறார்கள். குடில், கொட்டகை என்பது அச்சொல்லின் பழம்பொருள். நம்முடைய 'கொட்டில்' என்ற சொல்லுக்கு அது உறவன்று. ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம் பெத்லகேம் என் நினைவுக்கு வந்தது.

இரண்டு வீட்டார் தொலைபேசியில் "வாருங்கள்" என்றனர். என்னை நேரில் கண்டதும், "சற்று முன்புதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றனர். கால் ஓய்ந்த நிலையில், பல்கலைக்கழகத்துக்கே உரிய பெரிய பெகின் வளாகத்தில் எனக்கு ஓர் அறை வாய்த்தது.

டைல் ஆற்றின் கரையில், ஏறத்தாழ ஏழு ஏக்கரில் அமைந்த சிற்றூர் போன்ற இடம் அது. செங்கல்லும் மணற்கல்லும் கொண்டு கட்டப்பட்ட நூறு வீடுகள். அவற்றுள் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உருளைக்கல் பாவிய ஒடுங்கிய தெருக்கள். நடுவே திருமுழுக்கு யோவான் ஆலயம். அதற்கு உயர்ந்த கோபுரம் இல்லை, கூரைமேல் சிறிய மணிக்கூண்டு மட்டுமே. என் பெட்டியின் சக்கரங்கள் அந்தக் கற்களில் எழுப்பிய ஓசை தெருவையே எழுப்பிவிடுமோ என்று நாணினேன். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, முன்பணம் கட்டி, சுவரின் கீறல் முதல் சாளரத்தின் கொக்கி வரை எழுதியிருந்த பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே சாவி என் கைக்கு வந்தது.

யார் இந்தப் பெகின் மகளிர்? 13ஆம் நூற்றாண்டில், மணவாழ்வும் வேண்டாது, துறவு மடத்திலும் சேராது, செபத்திலும் உழைப்பிலும் கூடி வாழ முன்வந்த பெண்கள். வாழ்நாள் முழுவதற்குமான வார்த்தைப்பாடு அவர்களுக்கு இல்லை. வளாகத்தில் வாழும் காலம்வரை கற்பையும் கீழ்ப்படிதலையும் கடைப்பிடிப்பதாக வாக்களித்தனர். விரும்பினால் வெளியேறி மணம் புரியலாம். கம்பளி வேலை செய்தும், சிறுமியருக்குக் கற்பித்தும், நோயாளரைப் பேணியும் பிழைத்தனர். வசதியுடையோர் தனி வீடுகளிலும், வறியோர் பொது இல்லங்களிலும் தங்கினர். ஆலயம் எல்லார்க்கும் ஒன்றே.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சி ஆட்சி அவ்வளாகத்தைப் பறித்து, நகரின் ஏழையர் நல அமைப்பிடம் ஒப்படைத்தது. பெகின் மகளிர் தொடர்ந்து வாழ இசைவு கிடைத்தது. காலியான வீடுகளில் ஏழைகளும் முதியோரும் குடியேறினர். காலப்போக்கில் கூரைகள் ஒழுகின, சுவர்கள் சரிந்தன. 1962இல் பல்கலைக்கழகம் வளாகத்தை விலைக்கு வாங்கியது. பேராசிரியர் ரேமண்ட் லெமேர் வழிகாட்ட, பழைய தோற்றம் பேணப்பட்டு, உள்ளே புதிய வசதிகள் அமைக்கப்பட்டன. இன்று மாணவரும் அயல்நாட்டு அறிஞரும் குடியிருக்கும் முந்நூறு குடியிருப்புகள் அங்கு உள்ளன. 1998இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. அவ்வளாகத்தின் இறுதிப் பெகின் 1988இலேயே மறைந்துவிட்டார்.

மாலை வேளைகளில் புனித தமியானின் கல்லறைக்கு நடந்து செல்வேன். ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளரோடு மொலக்காய்த் தீவில் குடியிருந்தவர் அவர். அங்கே மண்டியிடும்போது, என்னைத் திருப்பி அனுப்பிய இரு வீட்டாரையும் மன்னிக்க மனம் வந்தது.

மன்னித்தேன்; ஆனால் மறந்தும்விட்டேன் என்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தேன். எங்கள் பங்கிற்கு அருகே ஒரு கல்லூரி உண்டு. வெளி மாவட்டத்து மாணவன் ஒருவன் வந்து, "சாமி, அறை கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் முதலில் என் ஊரைக் கேட்கிறார்கள், பிறகு தெருவைக் கேட்கிறார்கள், அதன் பிறகு இடமில்லை என்கிறார்கள்" என்றான். அவற்றுள் இரண்டு, வாசலில் திருஇருதயப் படம் மாட்டிய நம் வீடுகள். தெருவை ஏன் கேட்டார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு அதைப்பற்றிக் கடுமையாகவே மறையுரை ஆற்றினேன். பூசை முடிந்ததும் கோயில்பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாமி, நம் பங்கு இல்லத்து மாடி அறையும் பூட்டித்தானே கிடக்கிறது!"

உண்மைதான். உடைந்த நாற்காலிகளும், பழைய பதிவேடுகளும், கிறிஸ்து பிறப்புக் குடில் செய்யும் மூங்கில்களும் அடைந்து கிடந்தன. ஒரு நாள் முழுவதும் இருவருமாகச் சேர்ந்து ஒழித்தோம். அந்த மாணவன் இப்போது அங்கேதான் தங்கிப் படிக்கிறான். தன்னால் இயன்ற வாடகையைத் தருகிறான். குடில் மூங்கில்களை வைக்கத்தான் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெகின் மகளிரின் வீடுகளில் ஏழையரும் முதியோரும் தங்கினர். அவர்களுக்குப்பின் கடல் கடந்து வந்த நானும் தங்கினேன். அன்பு வாசகர்களே, உங்கள் மாடியில் பூட்டிய அறை ஏதேனும் உண்டா? அதைக் கேட்டு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், அவன் என்ன படிக்கிறான் என்று கேளுங்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள். தெருவைக் கேட்க வேண்டாம்.