நான்கு சக்கரங்களும் ஒரு பாரமும்



கடலூரில் வசிக்கும் நம் சபையின் மூப்பர் ஒருவர், தம் தகப்பனார் விட்டுச்சென்ற அம்பாசிடர் காரை இன்றும் பேணி வருகிறார். கிள்ளைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் தம் தமக்கையாரை வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்காகச் சிதம்பரத்திற்கு அழைத்துச் செல்வது அந்தக் கார்தான். மழைக்காலத்தில் ஊர்ப்பாதையின் களிமண் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்ட நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை. ஒரு முறை சிகிச்சை தவறினாலும் தமக்கையாரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்தக் காரை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிவிட மூப்பர் விரும்பினார். சிதம்பரத்தில் உள்ள ஒரு பட்டறைக்கு என்னையும் உடன் அழைத்தார்.

பட்டறைக்காரர் பொறுமையாக விளக்கினார். அம்பாசிடரில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. அவற்றுள் ஒன்று சேற்றில் வழுக்கினால் விசையெல்லாம் அதைச் சுழற்றுவதிலேயே வீணாகும். மற்றது அசையாமல் நிற்கும். முன்சக்கரங்களுக்கும் விசை செல்ல வேண்டுமானால் கியர்பாக்ஸுக்குப் பின் விசையைப் பிரிக்கும் பெட்டி ஒன்றும், முன்னோக்கிச் செல்லும் ஷாஃப்ட் ஒன்றும், முன் ஆக்ஸில் ஒன்றும் வேண்டும். ஜீப்புக்குத் தனிச் சட்டகம் உண்டு. அம்பாசிடருக்கு உடலே சட்டகம். முன் ஆக்ஸில் வரவேண்டிய இடத்தில் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. தரையை வெட்டவேண்டும், அல்லது உடலைத் தூக்கி ஜீப்பின் சட்டகத்தின்மேல் வைக்கவேண்டும். பிரான்சு நாட்டின் சித்ரோன் நிறுவனமே 1960களில் தன் 2சிவி காரை இவ்வாறு மாற்றுவதற்குப் பின்புறத்தில் இரண்டாவது எஞ்சினைப் பொருத்தியது. மேலும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, இத்தகைய மாற்றங்களுக்குத் தடை விதிக்கிறது.

"ஐயா, வெட்டி ஒட்டினா அப்புறம் அது உங்க அப்பா காரா இருக்காது. அப்பா சட்டையைப் போட்ட ஜீப்பா இருக்கும்" என்றார் அவர். பிறகு, "அந்த ஊர்ல டிராக்டர் இல்லையா?" என்று கேட்டார்.

மூப்பர் மௌனமானார். பக்கத்து வீட்டு விவசாயியிடம் டிராக்டர் இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அவரிடம் உதவி கேட்டதில்லை.

அன்பானவர்களே, நான்கு சக்கர இயக்கம் எஞ்சினின் வலிமையைச் சிறிதும் கூட்டுவதில்லை. இருக்கிற வலிமையையே நான்காகப் பகிர்கிறது. வழுக்கும் சக்கரத்தின் பங்கை, பிடிப்புள்ள சக்கரம் ஏற்றுக்கொள்கிறது. நம்மில் பலர் இன்னும் பலம் வேண்டுமென்று ஜெபிக்கிறோம். பாரத்தைப் பகிர்ந்துகொள்ள நாம் முன்வருவதில்லை.

பட்டறைக்காரர் மற்றொன்றையும் சொன்னார். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. கெட்டியான தார்ச்சாலையில் இரண்டையும் இறுகப் பிணைத்தே ஓட்டினால் பாகங்கள் முறுக்கேறிச் சேதமடையும். அதனால் பழைய ஜீப் ஓட்டுநர்கள் சேற்றைக் கடந்ததும் முன்சக்கரங்களின் இணைப்பை விடுவிப்பார்கள். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் சொல்கிறார். அவனவன் தன் சுமையைச் சுமப்பான் என்றும் சொல்கிறார். இவை முரண்பட்டவை அல்ல என்பது எனக்கு அந்தப் பட்டறையில் விளங்கிற்று. சேற்றில் தோள் கொடுப்பதும் அன்பு; சாலை வந்ததும் பிடியைத் தளர்த்துவதும் அன்பு.

இப்பொழுது மழை நாள்களில் அந்த விவசாயி தம் டிராக்டரில் தமக்கையாரைத் தார்ச்சாலைவரை கொண்டுவருகிறார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். டீசலுக்குக்கூடப் பணம் வாங்க மறுத்துவிட்டார். சாலையோரத்தில் அம்பாசிடர் காத்திருக்கிறது. இந்த மழைக்காலத்தில் ஒரு சிகிச்சையும் தவறவில்லை.

நீங்கள் இன்னும் உதவி கேட்காத அயலார் யார்? இந்த வாரத்தில் அவருடைய வாசலுக்குச் செல்லுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.