வயற்சேறும் ஒரு கிருமியின் பெயரும்

கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டையில் மாரி இறங்கிவிட்டால், வயற்காரனின் கால் சேற்றைவிட்டு ஏறுவதில்லை. சேறு நமக்குச் சோறு தருகிறது. ஆனால் இத்தீவின் ஈரமண்ணில் ஒரு பற்றீரியாவும் வாழ்கிறது. காலின் சிறு கீறல் வழியே புகுந்து, நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளை எழுப்பிக் குருதியை நஞ்சாக்க வல்லது அது. நீரிழிவு உடையோரை எளிதில் வீழ்த்துகிறது. மெலியோயிடோசிஸ் என்பது அந்நோயின் பெயர்.

இக்கிருமியை இனங்கண்டவர்கள் இரங்கூனில் பணியாற்றிய விற்மோரும் அவரோடு உழைத்த கிருஷ்ணசுவாமியும் ஆவர். 1911இல் அவர்கள் ஆராய்ந்த உடல்களுட் பல, மோர்பியாவுக்கு அடிமையாகி நலிந்து மாண்ட ஏழைகளுடையவை. சீழிலிருந்து வளர்ந்த கிருமி, குதிரைகளைப் பீடிக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்திருந்தது. எனினும் அக்கிருமி அசையாதது. இதுவோ அசைந்தது, வளர்ப்பூடகத்தில் விரைந்து செழித்தது. ஆகவே இது வேறோர் இனம் என 1912இல் அறிவித்தனர்.

1921இல் மலேயாவில் ஸ்ரான்ரனும் பிளெச்சரும் கழுதை நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நோய்க்குப் பெயரிட்டனர். கிருமியின் இன்றைய பெயரான பேர்க்கோல்டேரியா சூடோமலை 1992இல் அமைந்தது. அதன் பிற்பாதி 'போலிக் கிளாண்டர்ஸ்' என்று பொருள்படும். குதிரைக்கும் கழுதைக்கும் பெயரில் இடம் கிடைத்தது. 'விற்மோர் நோய்' என்ற வழக்கிலோ கிருஷ்ணசுவாமி மறைந்துபோனார்.

இலங்கையில் 1927இல் பதிவான முதல் நோயாளி ஓர் ஐரோப்பியர். அதன்பின் பல பத்தாண்டுகள் உதிரிப் பதிவுகளே உள்ளன. 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் முனைந்து தேடியபோது, பல மாகாணங்களில் நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் நெற்செய்கையாளர் பலர். அதற்கு முன்பு எத்தனை உழவர்கள் 'காய்ச்சலால் இறந்தார்' என்ற ஒற்றை வரியோடு மண்ணுக்குப் போயிருப்பர்?

வகைப்படுத்தல் வெறும் ஏட்டுக்கல்வி என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இக்கிருமி வேறொன்றாகப் பிறழ உணரப்படுவதுண்டு. தற்செயலாகக் கலந்த மாசென்று எறியப்படுவதும் உண்டு. பெனிசிலினும் ஜென்ராமைசினும் பொதுவாக இதனிடம் பயனற்றவை. செப்ராசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது பத்து நாட்களேனும் நாளம் வழியே ஏற்றப்பட வேண்டும். பின்னர் மூன்று மாதங்களேனும் கோ-ட்ரைமொக்சசோல் விழுங்க வேண்டும். பெயர் தவறினால் மருந்து தவறும்; மருந்து தவறினால் உயிர் தவறும்.

ஆசிரியர்களாகிய நாம் இனப்பெயர்களை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. புண்ணை மூடிக்கொண்டு வயலில் இறங்க வேண்டியதன் காரணத்தை உழவர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்குவோம். உழவனின் சீழையும் குருதியையும் வளர்த்துச் சோதித்துப் பெயர் கூறவல்ல ஆய்வுகூடம் தலைநகரைப்போலவே நெல் விளையும் ஊர்களிலும் வேண்டும் என்று கேட்போம். நாட்டுக்குச் சோறு போடுபவன் அதனைக் கேட்பது சலுகையன்று, உரிமை.